'யார்கிட்டயும் சொல்லக்கூடாது' என்று ஒருவர் கேட்டுக்கொண்டால்

கேள்வி: சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, முதியோர் நலனுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டாவது ஆண்டாக வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வருவதுதான் என் முக்கியமான வேலை. நான் பார்க்கும் ஒரு அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மகனோடு இருக்கிறார். போன முறை மகன் வெளியே போயிருந்த நேரத்தில், "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றார். நானும் "சொல்ல மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டேன். அவருடைய ஓய்வூதியப் பணத்தை மகன் அப்படியே எடுத்துக்கொள்கிறாராம். கேட்டால் கத்துகிறார், இரண்டு முறை பிடித்துத் தள்ளியும் இருக்கிறார். கையில் கன்றிப்போன அடையாளத்தை நானே பார்த்தேன். கேஸ் ஷீட்டில் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. அடுத்த வாரம் சூப்பர்வைசர் கோப்புகளைப் பார்க்கப்போகிறார். எழுதினால் அந்த அம்மாவுக்குத் துரோகம், எழுதாவிட்டால் வேலைக்குத் துரோகம். பயனாளியின் சுயமுடிவை மதிக்க வேண்டும் என்றுதானே படித்தோம்? இன்னொரு விஷயம்: தன் கையால் பின்னிய சால்வை ஒன்றை எனக்குக் கொடுத்தார், மறுக்க முடியவில்லை. இப்போது இரவு நேரங்களில் என் சொந்த நம்பருக்குக் கூப்பிடுகிறார். என்ன செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதுவதற்கு முன்னால் அந்த அம்மாவை ஒருமுறை போய்ப் பாருங்கள். கோப்பு அடுத்த வாரம்தான் திறக்கப்படும் என்பதால் உங்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் எழுதிவிட்டு, பிறகு யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது அவர் தெரிந்துகொள்வதுதான் துரோகம். அவரிடம் சொல்லிவிட்டு எழுதினால் கோபப்படலாம், அழலாம், "இனி வராதே" என்றுகூடச் சொல்லலாம். அப்போதும் நீங்கள் அவரை ஏமாற்றியிருக்க மாட்டீர்கள்.

முதலில் அந்த வாக்குறுதியைப் பார்ப்போம். "சொல்ல மாட்டேன்மா" என்று நீங்கள் கொடுத்தது, கொடுக்க உங்களுக்கு உரிமையில்லாத ஒரு வாக்கு. அந்த வீட்டுக்கு நீங்கள் போவது உங்கள் நிறுவனத்தின் பெயரில். அங்கே கேட்பதற்கெல்லாம் ரகசியக் காப்பு உண்டு. அந்தக் காப்பு உங்களுக்கும் அவருக்கும் மட்டுமான தனி ஒப்பந்தமாக இருக்க முடியாது, உங்களோடு பொறுப்பில் இருக்கும் சூப்பர்வைசரும் அதற்குள் வருகிறார். அதற்கு எல்லையும் உண்டு. சமூகப்பணியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2018-இல் டப்ளினில் ஏற்றுக்கொண்ட நெறிமுறை அறிக்கை, ஒருவருக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் ஆபத்து இருந்தாலும், சட்டம் கட்டாயப்படுத்தினாலும் ரகசியக் காப்புக்கு வரம்பு உண்டு என்கிறது. அதே மூச்சில், அந்த வரம்பைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியைப் பரீட்சைக்குப் படித்து எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவது பாதிதான் தினசரி வேலையில் நழுவிப்போகிறது.

அதைச் சொல்வதற்கு இரண்டு தருணங்கள் உண்டு. ஒன்று, முதல் சந்திப்பு. அப்போது சொன்னது அநேகமாக யாருக்கும் நினைவில் நிற்காது. இருந்தாலும் சொல்ல வேண்டும். இரண்டாவது, "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன்" என்று குரல் தாழும் அந்த நிமிடம். அப்போது, "சொல்லுங்கம்மா. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். நீங்க சொல்றத ஊர்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா உங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு எனக்குத் தோணிச்சுன்னா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கண்டிப்பா பேச வேண்டியிருக்கும். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பேசுவேன்" என்றால் போதும். இப்படிச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டார்களே என்று பல இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலர் திறக்க மாட்டார்கள்தான். எதைச் சொல்வது, எதை விடுவது என்று விவரம் தெரிந்து முடிவெடுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில், பெரும்பாலானவர்கள் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொல்லவே செய்கிறார்கள். தனியாகச் சுமந்து அலுத்துப்போய்த்தான் அந்தப் பேச்சையே எடுத்திருப்பார்கள்.

இப்போது திரும்பிப் போகும்போது சுற்றி வளைக்காதீர்கள். மகன் இல்லாத நேரம் எது என்று பார்த்துப் போங்கள். சந்தேகம் வராத ஒரு காரணத்தோடு, வழக்கமான வருகை போலவே போங்கள். "அம்மா, போன தடவை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க சொன்னது என் மனசுக்குள்ள மட்டும் வச்சுக்கக்கூடிய விஷயமில்ல. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. என்ன செய்யலாம்னு உங்களோட பேசத்தான் வந்தேன்." அப்புறம் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பப் பார்க்காதீர்கள்.

இனி சுயமுடிவு. உங்கள் கடிதத்தில் நான் கொஞ்சம் நின்ற இடம் இதுதான். சிகாகோவில் கற்பித்த ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1957-இல் பணியாளருக்கும் பயனாளிக்குமான உறவின் ஏழு கோட்பாடுகளை வகுத்தார். சுயமுடிவு அவற்றில் ஒன்று, ரகசியக் காப்பு இன்னொன்று. நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பட்டியல். அதே பீஸ்டெக் சுயமுடிவுக்கு எல்லைகளையும் சேர்த்தே சொன்னார்: முடிவெடுக்கும் திறன், சட்டம், அறநெறி, நிறுவனத்தின் பணிவரம்பு. பட்டியல் மட்டும் வகுப்பறையிலிருந்து கூடவே வருகிறது, எல்லைகள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. "அவர் வேண்டாம் என்றார், அதனால் விட்டுவிட்டேன்" என்பதைச் சுயமுடிவுக்குக் கொடுத்த மரியாதை என்று நாம் பல நேரம் எண்ணிக்கொள்கிறோம். பணம் மகன் கையில், சாவி மகன் கையில், வெளியே யாரையும் தெரியாது, கேட்டால் அடி விழும். இந்த நிலையில் ஒருவர் சொல்லும் "வேண்டாம்" அவருடைய முடிவுதானா? அவருக்கு வேறு வழி இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அந்த வழிகளை எடுத்துக் காட்டி, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று விளக்கி, அதன் பிறகும் அவர் "வேண்டாம்" என்றால், அது முடிவு. அதுவரை உங்கள் வேலை பாக்கி இருக்கிறது.

ஆகவே "சொல்லாதே" என்பதற்குப் பின்னால் எந்தப் பயம் இருக்கிறது என்று கேளுங்கள். மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயமா? தன்னை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்பதா? நீங்கள் போன பிறகு இன்னும் அதிகமாக அடி விழும் என்பதா? பெற்ற பிள்ளையைப் பற்றி வெளியே பேசிவிட்டோமே என்ற கூச்சமா? வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே "வேண்டாம்"தான். போலீஸ் பயத்துக்குத் தகவல்தான் மருந்து: எந்தக் கட்டத்தில் யார் வருவார்கள், எதை அவருடைய சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது என்று சொல்ல வேண்டும். அடி விழும் என்ற பயம் தகவலால் போகாது. அது பெரும்பாலும் சரியான கணிப்பு. அந்த மகனை உங்களைவிட அவருக்குத் தெரியும். அவர் சொல்லும் எச்சரிக்கையை வைத்துத்தான் உங்கள் திட்டம் அமைய வேண்டும்.

கூடவே ஒன்று. அவர் வயதானவர் என்பதாலோ, நமக்குப் புரியாத முடிவை எடுக்கிறார் என்பதாலோ, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதை அழகாகச் சொல்கிறது: விவேகமற்ற முடிவை எடுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் திறனற்றவராகக் கருதக் கூடாது. எந்த நாட்டில் வேலை செய்தாலும் மனதில் வைத்துக்கொள்ளத்தக்க விதி.

அவர் சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டிய கட்டம் எது என்பது ஆபத்தின் அளவைப் பொறுத்தது. அதை ஊகித்துக்கொண்டிருக்காமல் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். தள்ளியது எப்போது, எங்கே, அடிபட்டதா, தலையில் பட்டதா? முன்பைவிடக் கூடிவருகிறதா? மகனுக்குக் குடிப்பழக்கம் உண்டா? கழுத்தை நெரித்ததோ, ஆயுதத்தைக் காட்டியதோ, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதோ உண்டா? சாப்பாடும் மருந்தும் வேளைக்குக் கிடைக்கின்றனவா? கதவைப் பூட்டிவிட்டுப் போகிறாரா? ராத்திரியில் ஏதாவது நடந்தால் வெளியே போய் ஒரு கதவைத் தட்ட முடியுமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எனக்கு அதுதான் அதிகம் சொல்லும். பதில்கள் மோசமாக இருந்தால், அன்றைக்கே சூப்பர்வைசரிடம் பேசுங்கள். அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. முதியவர் மீதான வன்முறை தெரிய வந்தால் அறிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. உங்கள் பகுதியில் எப்படி என்பதை இன்றே எழுத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயம் உண்டு என்றால், சம்மதம் கேட்பது போல நடிக்க வேண்டாம். அவரிடம் முன்கூட்டியே சொல்வது, எந்த நேரத்தில், எப்படி என்பதில் அவருடைய விருப்பத்தைக் கேட்பது, இவ்வளவுதான் உங்கள் கையில் இருக்கும்.

அறிவித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு டாரசாஃப் வழக்கைச் சொல்வது என் வழக்கம். கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ அவருடைய குடும்பத்துக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1969-இல் அந்தப் பெண் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. அது மனநல சிகிச்சையாளர்களைப் பற்றிய, அந்த மாநிலத்துத் தீர்ப்புதான். ஆனாலும் ஒரு படிவத்தை நிரப்பி மேலே அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் எல்லோரும் அதைப் படிக்கலாம்.

நீங்கள் பார்க்கும் அந்த அம்மாவின் நிலை அவ்வளவு தூரம் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மூடி மறைப்பதற்கும் புகார் கொடுப்பதற்கும் நடுவே செய்ய நிறைய இருக்கிறது. வங்கி அட்டை யாரிடம் இருக்கிறது? ரகசிய எண்ணை மாற்ற முடியுமா, மாற்றினால் வீட்டில் என்ன நடக்கும்? ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை வேறு கணக்கில் போட வழி உண்டா? மருத்துவரிடம் போகும் சாக்கில் காயத்தைக் காட்டிப் பதிவு செய்யலாமா? நம்பிக்கையான ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரா? முக்கியமான ஆவணங்களின் நகல் வேறு ஒருவரிடம் இருக்கிறதா? சட்ட உதவி மையத்தில், புகார் எதுவும் கொடுக்காமல், விவரம் மட்டும் கேட்டுவரலாமா? இவற்றில் ஒன்றே ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தாலும் அது தொடக்கம். அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர் என்பதால் நிலைக்கவும் வாய்ப்பு அதிகம்.

மகனைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வேலை போனவரா, கடனில் இருக்கிறாரா, தாயைத் தனியாகக் கவனித்துக்கொண்டு நொந்துபோனவரா என்பது தெரிந்தால் எந்த உதவி பொருந்தும் என்று தெரியும். பணத்துக்காகத் தாயையே சார்ந்திருக்கும் பிள்ளைகள் இப்படி நடந்துகொள்வது இந்தத் துறையில் அடிக்கடி பார்ப்பதுதான். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. இன்னொரு எச்சரிக்கை: நல்ல எண்ணத்தில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து 'பேசித் தீர்த்துவிடலாம்' என்று இறங்காதீர்கள். அடிதடி இருக்கும் வீட்டில், உங்கள் முன்னால் அம்மா ஒரு உண்மையைச் சொன்னால், அதற்கான கணக்கு நீங்கள் கிளம்பிய பிறகு தீர்க்கப்படும்.

சரி, கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது? நெறிமுறை என்று பெரிதாகப் பேசுகிறோம், பாதிக்குமேல் அது இந்த ஒரு பக்கத்தில்தான் நடக்கிறது. இப்படி எழுதினால் எனக்குக் கோபம் வரும்: "மகன் கொடுமைக்காரர். அம்மாவை அடித்துத் துன்புறுத்திப் பணத்தைப் பறிக்கிறார். அம்மா மிகுந்த மன அழுத்தத்தில் இருக்கிறார்." மகனை நீங்கள் விசாரிக்கவில்லை. மன அழுத்தம் என்று நீங்கள் கண்டுபிடித்தது எதை வைத்து? நாளைக்கு இந்தத் தாளை நீதிமன்றமோ, அந்த மகனோ, அந்த அம்மாவோ படிக்க நேரலாம்.

இப்படி எழுதலாம்: "பயனாளி சொன்னது: 'பென்ஷன் வந்தவுடனே அவன் எடுத்துக்கிறான். கேட்டதுக்கு ரெண்டு தடவை புடிச்சுத் தள்ளினான்.' நான் பார்த்தது: இடது முன்கையில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சுமார் இரண்டு விரல் அகலத்தில், மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிய அடையாளம். பேசும்போது இரண்டு முறை எழுந்துபோய் வாசலைப் பார்த்தார். என் கருத்து: பணச் சுரண்டலும் உடல்ரீதியான வன்முறையும் நடந்திருக்கலாம். அவருடைய விருப்பம்: இப்போதைக்கு மகனிடம் யாரும் பேசக் கூடாது. இந்தப் பதிவு பற்றி அவரிடம் சொல்லப்பட்டது. அடுத்து: சூப்பர்வைசருடன் ஆலோசனை, மறுபடி சந்திக்கும் தேதி." சொன்னது, பார்த்தது, நினைத்தது, செய்யப்போவது, நான்கும் தனித்தனியாக நிற்கட்டும். காயத்தின் நிறத்தை எழுதுங்கள். "ஒரு வாரத்துக்கு முந்தைய காயம்" என்று எழுதாதீர்கள். நிறத்தை வைத்து நாளைக் கணிக்க மருத்துவர்களாலேயே உறுதியாக முடியாது. "அவருடைய விருப்பம்" என்ற வரியை எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கோப்பைப் புதிதாகத் திறக்கும் ஒருவருக்கு அவருடைய குரல் கேட்கும் ஒரே இடம் அதுதான். போன சந்திப்பின் குறிப்பை முன்தேதி போட்டு எழுத வேண்டாம். இன்றைய தேதியில் எழுதி, எந்த நாளில் கேட்டது, ஏன் தாமதம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யார் யார் திறக்கலாம் என்பதையும் ஒருமுறை பாருங்கள். அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் 'ஒரு கேஸ் இருக்கு' என்று விவரம் போட்டுக் கருத்துக் கேட்கும் பழக்கம் எங்கும் பரவிவிட்டது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தெருவையும் வயதையும் மகனையும் சொன்ன பிறகு பெயர் எதற்கு?

சால்வை பற்றி நீங்கள் கவலைப்பட்ட அளவுக்கு எதுவும் இல்லை. விலை உயர்ந்த பொருளில்லை, அவரே பின்னியது, மறுத்திருந்தால் புண்பட்டிருப்பார். உங்கள் நிறுவனத்தின் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு, சூப்பர்வைசரிடம் சொல்லி, கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கும் பரிசுதான் பின்னால் தொல்லை தரும். அதைக் கொடுத்த நேரத்தை மட்டும் கவனியுங்கள். ரகசியத்தைச் சொன்ன பிறகு கொடுத்தாரென்றால், வாயைத் திறக்காதே என்ற வேண்டுகோளும் அதில் பின்னப்பட்டிருக்கலாம்.

இரவு அழைப்புகள்தான் உண்மையில் ஆபத்தானவை. உங்கள் தூக்கத்தை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. ஏதாவது நடந்தால் நீங்கள் எடுப்பீர்கள் என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டார். நீங்கள் பயணத்தில் இருக்கும் இரவில், சார்ஜ் தீர்ந்துபோன இரவில், அவர் வேறு யாரையும் கூப்பிடாமல் உங்கள் நம்பரையே அழுத்திக்கொண்டிருப்பார். அதனால் சட்டென்று எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த சந்திப்பில் அவரோடு உட்கார்ந்து, பகலில் அலுவலக எண், ராத்திரியில் அவசர உதவி எண், பக்கத்தில் தட்டக்கூடிய ஒரு கதவு என்று முடிவு செய்யுங்கள். அந்த எண்களை அவருடைய போனிலேயே, மகன் பார்த்தாலும் சந்தேகம் வராத பெயரில் பதிந்து கொடுங்கள். ஒருமுறை அவரையே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு, இரவில் உங்களைக் கூப்பிட்டால் கிடைக்க மாட்டீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் மேலே சொன்ன 2018 அறிக்கையே, சமூகப்பணியாளர் தன்னையும் கவனித்துக்கொள்வதைக் கடமை என்கிறது. எனவே குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கடைசியாக உங்கள் சூப்பர்வைசர். கோப்பைத் திறந்து அவராகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அந்த வாக்குறுதியையும் சேர்த்து. திட்டு விழலாம். "உடனே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பு" என்று சொல்லிவிட்டால், முடியாது என்று மோத வேண்டாம். அறிக்கை போகும் முன் அந்த அம்மாவிடம் நேரில் சொல்ல அரை நாள் கேளுங்கள். தேவைப்பட்டால் சூப்பர்வைசரையும் கூட அழைத்துப்போங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அந்த அரை நாளைத் தர மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்க முடியாது. மறுத்தால், எதற்காகக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் அதே கோப்பில் தேதியோடு எழுதி வையுங்கள்.